உண்பதற்கும் நடப்பதற்கும் இடையில்

கல்முனைக் கடற்கரையின் அதிகாலைப் பொழுதைக் கண்டவர்கள் இந்தக் காட்சியை அறிந்திருப்பார்கள். பள்ளிவாசல்களில் சுபஹுத் தொழுகை முடிந்ததும், சாரமும் சப்பாத்தும் அணிந்த ஆடவர்கள் இருவர் மூவராக, வடக்கே மருதமுனைப் பக்கமும் தெற்கே சாய்ந்தமருதுப் பக்கமும் கைவீசி நடப்பார்கள். சற்றுப் பிந்தி முக்காடிட்ட பெண்கள் சிறு சிறு குழுக்களாக வருவார்கள். காலைத் திருப்பலி முடித்த நம்மவர்கள் சிலரும் அவர்களோடு கலந்துகொள்வார்கள். யாரை நிறுத்திக் கேட்டாலும் விடை ஒன்றே: "வைத்தியர் நிறையைக் குறைக்கச் சொன்னார்."

இப்பகுதியில் பணியாற்றிய காலத்தில் நானும் அவர்களோடு நடந்தவன். ஞாயிறு மூன்று வீடுகளில் விருந்து, வார நாட்களில் மோட்டார் சைக்கிளில் பயணம் என்று இருந்த ஒரு குருவானவரின் இடுப்புப் பட்டி எந்தத் துளைக்கு வந்து நின்றிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நாற்பது வயதைக் கடந்ததும் இரத்தப் பரிசோதனை எச்சரித்தது. நடக்கத் தொடங்கினேன். நாள் தவறாமல் அரை மணிநேரம், ஆறு மாதங்கள். முடிவில் தராசில் ஏறியபோது ஒரு கிலோகிராம் கூடியிருந்தது!

காரணத்தை அறிய வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நடை முடிந்ததும் எங்கள் குழு சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடையில்தான் கலைந்து செல்லும். பால்தேநீர், அதில் மூன்று கரண்டி சீனி, பக்கத்தில் சுடச்சுட ஒரு பராட்டா, அதன்மேல் பருப்புக் கறி. "நடந்து பசிச்சிட்டு பாதர், சாப்பிடாம எப்படி?" என்பார் என்னோடு நடந்த புடவைக்கடை முதலாளி. நானும் மறுத்ததில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அரை மணிநேரம் விரைந்து நடந்தால் அவர் செலவிடுவது ஏறத்தாழ 120 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 20 கலோரி உண்டு. மூன்று கரண்டிச் சீனியும் பால்மாவும் சேர்ந்த ஒரு கோப்பைத் தேநீரே நடந்த நடை முழுவதையும் விழுங்கிவிடும். எண்ணெய் தோய்ந்த பராட்டா இன்னுமொரு 250 கலோரியாவது கொண்டுவரும். நடக்காமல் வீட்டில் உறங்கியிருந்தால் எனக்கு அந்தக் கடை வாசல் தெரிந்திருக்காது, நிறையும் கூடியிருக்காது.

நடையைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. உணவுக்கு நாம் செலுத்தும் கட்டணமாக நடையைக் கருதுகிறோமே, அந்த எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது. 'இன்றைக்கு நடந்துவிட்டேன், ஆகவே உண்ணலாம்' என்றோ, 'இன்றைக்கு அதிகமாக உண்டுவிட்டேன், நாளைக்கு நடந்து தீர்த்துவிடலாம்' என்றோ நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். உடல் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. தன்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கின்ற ஹட்சா இன மக்களை ஹெர்மன் பொன்ட்ஸர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அளந்து 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நாள் முழுவதும் நடக்கின்ற அம்மக்கள் நாளொன்றுக்குச் செலவிடும் சக்தி, உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், கதிரையில் அமர்ந்து வேலை செய்யும் மேலைநாட்டவர் செலவிடுவதற்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. ஓரிடத்தில் கூடுதலாகச் செலவானால் உடல் வேறோர் இடத்தில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது போலும். நடை மட்டுமே நிறையைக் கரைத்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆயினும், நம் முன்னோர் மலைபோலச் சோறு உண்டும் மெலிந்துதானே இருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கரைவலை இழுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். மணலில் காலூன்றி, கயிற்றை இடுப்பில் கட்டி, மணிக்கணக்காகப் பின்னோக்கி நடந்து வலையைக் கரை சேர்த்தார்கள். சம்மாந்துறை வயல்களில் வெட்டும் சூடடிப்பும் கையால் நடந்தன. மருதமுனைத் தறிகளில் ஆணும் பெண்ணும் காலால் மிதித்துக் கையால் நெய்தார்கள். அரை மணிநேர நடையோடு ஒப்பிட முடியாத உழைப்பு அது. அன்று பலருக்கு இரவில் மீண்டும் மலைபோல உண்ணச் சோறும் இருக்கவில்லை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். இன்று வயலில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. பக்கத்துத் தெருவுக்கும் மோட்டார் சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ போகிறோம். உழைப்புப் போய்விட்டது, தட்டு மட்டும் அதே அளவில் இருக்கிறது. உழைத்த பாட்டனின் தட்டைக் கணக்காளரான பேரன் நிரப்பிக்கொள்கிறான், அதன்மேல் கொத்துரொட்டியும் மென்பானமும் சேர்த்து.

இதன் விளைவை நாட்டின் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. இலங்கையில் 2005 - 2006 இல் நடைபெற்ற ஆய்வில் வளர்ந்தோரில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2018 - 2019 இல் நடைபெற்ற மற்றோர் ஆய்வில் அது நூற்றுக்கு 23 ஆக இருந்தது. ஆய்வு முறைகள் வேறுபட்டிருக்கலாம். ஆனால் எந்த வீட்டு மரணச் சடங்குக்குச் சென்றாலும் 'சீனி வருத்தம்' என்ற சொல்லைக் கேட்கின்ற எனக்கு அந்த எண் மிகையாகத் தோன்றவில்லை.

அப்படியானால் உணவைக் கடுமையாகக் குறைத்துவிட்டால் போதுமா? இங்கே ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தொட்டவர், நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். மகளின் திருமணத்துக்கு முன் நிறையைக் குறைக்க முடிவெடுத்தார். அது தவக்காலமாகவும் இருந்ததால், அதனை ஒருசந்தியோடு இணைத்துக்கொண்டார். காலையில் ஒன்றுமில்லை, பகலில் ஒரு பிடிச் சோறு, இரவில் பிஸ்கட் இரண்டு. இத்தனைக்கும் மேலாக விடியற்காலையில் ஒரு மணிநேர நடை. இரண்டு மாதங்களில் ஒன்பது கிலோகிராம் குறைந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்; நானும் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் பாராட்டினேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஒரு நாள் விடியற்காலையில் அவர் மணலில் விழுந்து கிடந்தார். வியர்வையில் நனைந்திருந்தார், பேச்சுக் குழறியது. அவரைக் கண்டது அறிமுகமற்ற ஒரு முஸ்லிம் தாயாரும் அவருடைய மகளும். நிலைமையைக் கண்டவுடனேயே அந்தத் தாயார் விளங்கிக்கொண்டார். அவருடைய கணவருக்கும் அதே வருத்தம். முந்தானையில் முடிந்து வைத்திருந்த டொபியை வாயில் வைத்து, முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். குருதியில் சீனி அடியோடு இறங்கியிருந்தது. இன்னும் கால் மணிநேரம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்களும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களும் இதனைத் தயவுசெய்து கவனியுங்கள். இம்மருந்துகள் நீங்கள் உண்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் சீனியை இறக்கும். உணவைக் குறைப்பதற்கும் நடையைக் கூட்டுவதற்கும் முன்னர் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். நடக்கப் போகையில் சட்டைப்பையில் நாலு டொபியாவது இருக்க வேண்டும். கையில் நடுக்கம், திடீர் வியர்வை, தலைச்சுற்று ஏற்பட்டால் நடையை நிறுத்திவிட்டு உடனே இனிப்பை உண்ண வேண்டும். மறைமாவட்ட ஒழுங்கு, தவக்கால ஒழுங்கு என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. திருச்சபையின் ஒருசந்திச் சட்டம் 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களையே கட்டுப்படுத்துகிறது. நோயாளரை அது ஒருபோதும் வற்புறுத்தியதில்லை.

மருந்து எடுக்காதவர்களுக்கும் பட்டினியோடு கூடிய நடை பயன் தராது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சான்றாகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனையை நடத்தினார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். அவர்களுள் பலர் சமாதானத்தைப் போதிக்கும் சபைகளைச் சேர்ந்தவர்கள். 24 வாரங்கள் அவர்களுடைய உணவு ஏறக்குறையப் பாதியாக்கப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் தசை உருகியது, கை கால் குளிர்ந்தது, சிரிப்பு மறைந்தது, பகலிலும் இரவிலும் உணவைத் தவிர வேறு நினைவே இருக்கவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் அடங்காப் பசியோடு உண்டார்கள். இழந்த கொழுப்புக்கு மேலாகவே கொழுப்பு வந்து சேர்ந்தது.

நிறை என்று நாம் சொல்வது கொழுப்பை மட்டுமல்ல. உணவைக் குறைத்து மட்டும் மெலிகிறவர் இழக்கும் ஒவ்வொரு நான்கு கிலோகிராமிலும் ஒரு கிலோகிராமளவு தசையும் ஏனைய மெலிந்த திசுக்களுமாக இருக்கக்கூடும். நம் தெற்காசிய உடலிலோ பிறப்பிலேயே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். உண்ட பின் குருதியில் சேரும் சீனியின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசை. அதனை இழந்து பெறும் மெலிவு எதற்கு? அதிகம் பேசப்படுகின்ற செமக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகளால் மெலிபவர்களுக்கும் இதே கவலை உண்டு. இங்கேதான் உடற்பயிற்சியின் உண்மையான பணி வருகிறது. நிறையைக் குறைப்பதில் பெரும்பங்கு தட்டினுடையது. குறையும்போது தசையைக் காப்பதும், குறைந்தது மீளாமல் தடுப்பதும் உழைப்பினுடைய பங்கு. அமெரிக்காவில் 1994 முதல், நிறையைக் குறைத்து அதனைப் பல்லாண்டு காத்துவரும் ஆயிரக்கணக்கானோரைப் பதிவுசெய்து வருகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இரண்டையும் செய்தவர்கள். குறைந்த நிறையைக் காத்துக்கொள்ள நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணிநேரம் உடலை அசைப்பவர்கள்.

நோன்பினால் நிறை குறையாதா என்று நம்மிடமும் முஸ்லிம் அன்பர்களிடமும் கேட்கப்படுவதுண்டு. றமழான் மாதத்தில் நோன்பிருப்பவர்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சராசரியாக ஒரு கிலோகிராமளவே குறைகிறது என்றும், அதிற் பெரும்பகுதி சில வாரங்களில் திரும்பிவிடுகிறது என்றும் கண்டார்கள். நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதுமாயிருக்க, ரோல்ஸும் சமோசாவும் சர்பத்தும் வட்டலாப்பமும் வரிசையில் நிற்பதை கல்முனை வீதிகளில் பார்த்திருக்கிறோம். நாம் மட்டும் என்ன? வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று இறைச்சியைத் தவிர்த்து, இறால் பொரியலும் கணவாய்க் கறியுமாக உண்பதில்லையா? உயிர்ப்பு ஞாயிறன்று நாற்பது நாட்களையும் ஒரே பகலில் ஈடுசெய்வதில்லையா? நோன்பு இறைவனுக்காக இருப்பது. அதை இடுப்பளவுக்கு மருந்தாக்குவது நோன்புக்கும் நியாயமல்ல, இடுப்புக்கும் நியாயமல்ல.

இறைவாக்கினர் எலியாவின் கதை இங்கே என் நினைவுக்கு வருகிறது. களைத்துப்போய்ச் சூரைச்செடியின் அடியில் சாக விரும்பிப் படுத்திருந்தவரிடம் வானதூதர் வந்து முதலில் செய்தது போதனையன்று. தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளை நீரையும் காட்டி உண்ணச் சொன்னார். வழி நீண்டது என்று சொல்லி இரண்டாம் முறையும் எழுப்பி உண்ண வைத்தார். அதன் பின்னரே ஓரேபு மலைநோக்கிய நாற்பது நாள் நடை. அவர் போக வேண்டிய தூரத்தை அறிந்து அளிக்கப்பட்ட உணவு அது. அப்பமும் நீரும், அவ்வளவுதான். கொத்துரொட்டியல்ல; பட்டினியுமல்ல.

சென்னையில் வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வை நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. இன்னும் நோய் முற்றாத 531 பேர் மூன்றாண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. சீனியையும் எண்ணெயையும் தீட்டிய தானியங்களையும் குறைத்து, நாளுக்கு அரை மணிநேரம் நடந்த பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. இதிலுள்ள வியப்பு என்னவெனில், அவர்களுடைய சராசரி நிறையில் பெரிய மாற்றமே இல்லை! தராசு அசையவில்லை என்று நடையை விட்டவர்கள் இதனை ஒருமுறை சிந்திக்கட்டும். தராசைவிட அளவுநாடா நம்பத்தகுந்தது. நம் இனத்து ஆணுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டாதிருக்க வேண்டும்.

கல்முனைத் தட்டுக்கு வருவோம். இங்கே குறை உணவுப் பொருளில் இல்லை. கடலில் பிடித்த மீன் காலையிலேயே வாசலுக்கு வருகிறது. முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் சந்தையில் குவிந்திருக்கின்றன. தயிரும் பயறும் கடலையும் உண்டு. இவையெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருக்க, நடுவில் சோறு ஆட்சி செய்கிறது. சமைத்த சோறு ஒரு கோப்பை என்றால் ஏறத்தாழ 200 கலோரி. மூன்று கோப்பை உண்பவர் ஒன்றரையாகக் குறைத்து, மீனையும் கீரையையும் இரட்டிப்பாக்கினால் வயிறும் நிறையும், தசைக்கும் ஊட்டம் கிடைக்கும். இடியப்பத்தையும் பிட்டையும் சோறு அல்ல என்று எண்ணி அளவின்றி உண்பவர்கள், அரிசி மாவும் அரிசிதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மென்பானப் போத்தல்களில் 2016 ஓகஸ்ட் முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளம் இடப்படுகிறது. நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகளுக்கு அந்த நிறத்தைப் பார்க்கப் பழக்கினாலே போதும். விருந்துகளில் "இன்னும் கொஞ்சம்" என்று தட்டில் அள்ளி வைப்பதை அன்பென்று கருதும் நம் தாய்மாரிடம் மட்டும் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடைக்கோ இங்கே இடமே பிரச்சினை. நெருக்கமான ஊர்கள், ஒழுங்கைகளில் நாய்களும் வாகனங்களும். பெண்கள் தனியே நடக்கக் கூசுகிறார்கள். சென்னையில் ஏஷியாட் காலனி மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வைத்தியர் வி. மோகன் குழுவினர் நீரிழிவு பற்றி அவர்களிடம் பேசிய பின்னர், குடியிருப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்காவை அமைத்தார்கள். முன்னர் நூற்றுக்கு 14 பேரே உடற்பயிற்சி செய்த இடத்தில், ஏழாண்டுகளின் பின் 58 பேருக்கு மேல் செய்தார்கள். நம் ஆலய வளவுகளும் பாடசாலை மைதானங்களும் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு மணிநேரம் பெண்களுக்கென்று, எல்லா மதத்துப் பெண்களுக்கும் என்று, திறந்துவிடுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட நடையும், தசைக்கு வேலை தரும் பயிற்சி இரண்டு நாளும்தான். கிணற்றில் நீர் அள்ளுவதும் கதிரையிலிருந்து கைபிடிக்காமல் பத்து முறை எழுந்தமர்வதும்கூட அப்பயிற்சிக்குள் அடங்கும். தொடங்குவதற்கு முன் 35 வயதைக் கடந்த எவரும் அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் குருதி அழுத்தத்தையும் சீனியையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆசிரியை மீண்டும் நடக்கிறார். மருந்தின் அளவை வைத்தியர் குறைத்திருக்கிறார். விடியலில் ஒரு வாழைப்பழமும் சீனியில்லாத தேநீரும் எடுத்த பின்னரே வீட்டைவிட்டு இறங்குகிறார்; மதியத் தட்டில் சோறு பாதி, மீனும் கீரையும் மீதி. ஒன்பதில் நாலு கிலோகிராம் திரும்பி வந்துவிட்டது, பிறகு ஓராண்டில் மெதுவாக மூன்று குறைந்தது. அவரைத் தூக்கிய அந்தத் தாயாரும் இப்போது அவரோடுதான் நடக்கிறார். இருவரும் சந்தை வழியாகத் திரும்பும்போது தேநீர்க் கடையைக் கடந்து மீன்கடைக்குப் போகிறார்கள். அன்றைக்குக் கீரிமீன் மலிவென்றால் ஆளுக்கு ஒரு கிலோ.